பெரியவரின் இடது காது

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. வேறு கதையாக இருந்தால் மழை, ரயில், ஜன்னல் என்று எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். என் மனைவி ஒரு குதிரை லாயத்தில் தீவனம் போடுகிறாள். அங்கே ஒரு கிழட்டுக் குதிரை இருக்கிறது. 'பெரியவர்' என்று அதற்கு அவள்தான் பெயர் வைத்தாள். எனக்கு அதைக் கண்டாலே ஆகாது.

முதல் வரியாக எழுதியது: 'குதிரை ஒரு நாளின் பெரும்பகுதியை மேய்வதிலேயே கழிக்கிறது.' பாடப் புத்தகம் போல இருந்தது, அடித்துவிட்டேன். அடுத்தது: 'அவள் அதன் கழுத்தைத் தடவியபோது' (இந்த வாக்கியத்தை முடிக்க என்னால் ஆகவில்லை.)

2

அடித்த வரி பொய்யில்லை. குதிரைக்கு உடம்பு பெரிது, இரைப்பை சிறிது. ஒரேயடியாகத் தின்றுவிட்டுப் படுக்க முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக, நாள் முழுக்க வாய் அசைந்துகொண்டே இருக்க வேண்டும். தானியம் அதிகமானால் வயிற்றுவலி வந்து செத்தே போகலாம். தின்றதை வாந்தி எடுக்கவும் அதற்கு வராது.*

* எல்லாம் அவள் சொன்னது. சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு களை வரும். என் கதைகளைப் பற்றிப் பேசும்போது அது வருவதில்லை.

பெரியவர் தனியாகச் சாப்பிடாது. மதியம் அவள் காய்ந்த புல்லை உதறிப் போட்டுவிட்டு, தன் டிபன் டப்பாவைத் திறந்து பக்கத்தில் நின்று சாப்பிட வேண்டும். அப்போது அதன் இடது காது மட்டும் அவள் பக்கம் திரும்பியிருக்குமாம். வீட்டுக்கு வந்து, "எனக்குப் பசிக்கலைங்க" என்பாள். நான் தட்டும் கையுமாகத் தனியே உட்கார்ந்திருப்பேன். என் காது எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்க ஆளில்லை.

3

லாயத்து முதலாளி பெரியவரைத் தொலைவில் உள்ள மேய்ச்சல் நிலத்துக்கு அனுப்பப்போகிறார். "நீயும் கூடப் போயிடும்மா. உன்னை விட்டா அது யார்கிட்டயும் சாப்பிடாது" என்றாராம்.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்று என்னைக் கேட்டாள்.

"உன் இஷ்டம்."

(இங்கே கணவன் 'போகாதே' என்று சொல்லியிருக்க வேண்டும். எத்தனை முறை திருத்தி எழுதினாலும் பாவி வாயைத் திறக்கமாட்டேன் என்கிறான்.)

அதனால் குதிரையைக் கொன்றுவிடுவது என்று முடிவு செய்தேன், கதையில்தான். தீவன அறை திறந்து கிடக்கிறது. பெரியவர் தானிய மூட்டையில் வாயை வைக்கிறது. நான் எதை எழுதினாலும் முதலில் படிப்பவள் அவள்.

"அந்தக் கதவு திறந்து கிடக்காது. நான்தான் பூட்டுறேன்" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தாள். குதிரை பிழைத்துக்கொண்டது.

4

படியில் சறுக்கி அவளுக்குக் கணுக்கால் வீங்கிவிட்டது. நான் லாயத்துக்குப் போனேன்.

புல்லை உதறிப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பெரியவர் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. என்னைத் தாண்டி வாசலையே பார்த்தது. எனக்கு வயிற்றெரிச்சல் ஒரு பக்கம், பசி ஒரு பக்கம். என்னவோ ஆகட்டும் என்று, கொண்டுபோயிருந்த டப்பாவைத் திறந்து அங்கேயே சாப்பிட ஆரம்பித்தேன்.

குதிரை தலையைத் தாழ்த்தியது. ஒரு துரும்பு மிச்சம் வைக்கவில்லை. அதன் இடது காது (இந்த வரி வேண்டாம்.)

ஆக, பக்கத்தில் யார் நின்று சாப்பிட்டாலும் அது சாப்பிடும். அவள் போகவேண்டியதே இல்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். "பெரியவர் சாப்பிட்டாரா?"

உண்மையைச் சொன்னால் அவள் இங்கேயே இருப்பாள். தன்னை விட்டால் அதற்கு யாருமில்லை என்ற நினைப்பு மட்டும் போய்விடும்.

"ஏதோ கொஞ்சம்" என்றேன்.

"நான்தான் சொன்னேனே" என்றாள். அவள் முகத்தில் அந்தக் களை வந்தது.

5

முடிவுக்கு இரண்டு யோசனை. ஒன்று: அவள் போய்விடுகிறாள். இன்னொன்று: நானும் டப்பாவோடு கிளம்புகிறேன், மூன்று பேரும் சேர்ந்து மெல்லுகிறோம். (இதில் சர்க்கரை அதிகம், எனக்கே திகட்டுகிறது.)

வாயால் சொல்ல முடியாததால், நான்காம் பகுதிவரை எழுதி அவளிடம் கொடுத்தேன். வெகுநேரம் படித்தாள். பொய் சொன்னதற்குத் திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நீங்க நின்னப்போ, அவரு இடது காது எந்தப் பக்கம் இருந்துச்சு?"

அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். 'பொறாமையில் பிறந்தது' என்ற வரியிலிருந்து நான் எழுதிக்கொண்டிருப்பது அதே குரலில்தான்.

காதை நான் பார்த்தேன். என் பக்கம் என்றால் அவள் இங்கே இருப்பாள்; அந்தக் களை இருக்காது. வாசல் பக்கம் என்றால் களையோடு கிளம்பிவிடுவாள். காலை நீட்டியபடி இன்னும் காத்திருக்கிறாள். நீங்களே சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் நம்பமாட்டாள்.