ஓரத்தில் நின்றவர்

பள்ளிச் சீருடைகள் தைக்கும் அந்தப் பட்டறைக்கு நேற்றுக் காலை ஓர் இணையப் பக்கம் திறந்தது. இன்று காலை பத்து மணிக்குள், அங்கே துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர் வேலையை விட்டுப் போகத் தயாராகிவிட்டார்.

பக்கத்தை வடிவமைத்தவள் பட்டறை உரிமையாளரின் மனைவி. கட்டிங் மாஸ்டர் அவளுடைய நாத்தனார், உரிமையாளருக்கு அக்காள். பட்டறையில் எல்லோரும் அவரைக் கத்தரியக்கா என்றே அழைத்தார்கள். கத்தரிக்கும் நாக்குக்கும் ஒரே இடத்தில் சாணை பிடிக்கிறார் என்று, அவர் காதுக்கு எட்டாத தூரத்தில் சொல்லிச் சிரிப்பார்கள்.

கணவன் தொலைபேசியில் படபடப்பாகச் சொன்ன செய்தி இதுதான். வேறொரு பெரிய தையல் நிறுவனம் ஒரு மாதமாகக் கத்தரியக்காவை அழைத்துக்கொண்டிருக்கிறது. இதுவரை பிடிகொடுக்காமல் இருந்தவர், பன்னிரண்டு மணிக்குத் தம் முடிவைச் சொல்வதாக இன்று ஒப்புக்கொண்டுவிட்டார். காரணம், அந்த இணையப் பக்கத்தின் பின்னணிப் படம். பட்டறையின் ஆறு பேரும் வரிசையாக நிற்கும் அகலமான படம் அது. கணினியில் ஆறு பேரும் இருந்தார்கள். கத்தரியக்காவின் கைப்பேசியில் நடுவிலுள்ள நால்வர் மட்டுமே இருந்தார்கள். இடது கோடியில் நின்ற அவர் இருந்த சுவடே இல்லை. ஊருக்கெல்லாம் துணி வெட்டுகிறவளைத் தம்பி வீட்டில் வெட்டிவிட்டார்கள் என்று, துணி தேய்ப்பவரிடம் அவர் சொன்னாராம்.

“அக்கா போயிட்டா நாலு ஸ்கூல் ஆர்டர் நின்னுடும். படத்த எப்படியாவது சரி பண்ணிடு” என்றான் கணவன்.

அவள் மேசையில் கணினியும் இரண்டு கைப்பேசிகளும் ஒரு டேப்லெட்டும் கிடந்தன. திரையை முழுவதும் நிரப்பு என்று கணினிக்குச் சொன்னால், கைப்பேசியில் படம் நெடுந்திரைக்கேற்ப வளர்ந்து, இரு பக்கத்தாரையும் வெளியே தள்ளியது. வெட்டாமல் காட்டு என்றால், மேலும் கீழும் வெள்ளையாக வெற்றிடம் விட்டு, ஆறு முகங்களும் கடுகாகச் சுருங்கின. இடப்பக்கத்தை விடாதே என்றாள். கத்தரியக்கா வந்தார், உரிமையாளர் காணாமற்போனார். நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் வகுப்பறைப் பெஞ்சில் ஒரு பிள்ளை ஏற, மறுமுனையில் ஒரு பிள்ளை விழுவதைப் போல இருந்தது. அவள் எழுந்தாள், சன்னல் வரை நடந்தாள், திரும்பி வந்து உட்கார்ந்தாள். கைப்பேசிக்கென்று தனியாக ஒரு படம் எடுப்பதைத் தவிர வழியில்லை என்று தெளிந்தபோது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது.

பழைய படங்களைத் துழாவும்போதுதான், இரண்டு நாட்களுக்கு முன் கணவனுக்குத் தானே அனுப்பிய ஒன்று கண்ணில் பட்டது. கைப்பேசியில் பக்கம் எப்படித் தெரிகிறது என்று காட்டுவதற்காக அனுப்பியது. ‘போன்லயும் சூப்பரா வருது’ என்று கீழே எழுதியிருந்தாள். அதிலும் கத்தரியக்கா இல்லை.

நாத்தனாரிடம் சொல்ல வைத்திருந்த சமாதானத்தை வழி நெடுக மனத்துக்குள் ஒப்பித்துக்கொண்டே பட்டறைக்கு நடந்தாள். நடை வேகமாக வேகமாக, அது கசந்துகொண்டே வந்தது.

கத்தரியக்கா நீலத் துணியின் மேல் காகித அச்சை வைத்து வெட்டிக்கொண்டிருந்தார்.

“அக்கா, போன் திரை ஒடுக்கம். படம் அகலம். ரெண்டு பக்கமும் தானா வெட்டுப்பட்டுடுச்சு.”

“தானாவா?” கத்தரி நிற்கவில்லை. “துணி வெட்டும்போது நாங்க சுத்தி ஓரம் விடுவோம்மா, தையலுக்குள்ள போறதுக்குன்னு. நீ அந்த ஓரத்துல ஆளக் கொண்டுபோய் நிறுத்தியிருக்க.”

அத்துடன் மன்னிப்புக் கேட்டுத் திரும்பியிருக்கலாம். அவளுக்குக் கால் வரவில்லை.

“தானா வெட்டுப்பட்டது நிஜம்தாங்க்கா. ஆனா திறக்கறதுக்கு முன்னாடியே நான் போன்ல நாலு தடவ பார்த்தேன். எழுத்து தெரியுதா, நம்பர் தெரியுதான்னு பார்த்தேன். நீங்க இல்லைங்கறது எனக்குத் தோணவே இல்ல.”

கத்தரி நின்றது. தையல் இயந்திரங்களும் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

“அவன் பார்த்தானா?”

“பார்த்தாரு. நல்லாருக்குன்னாரு.”

மூலையில் உரிமையாளர், தொலையாத நூற்கண்டு ஒன்றைக் குனிந்து மும்முரமாகத் தேடத் தொடங்கினார்.

“நீ முதல்ல சொன்னதோட நிறுத்தியிருந்தா, சரிம்மான்னு தலையாட்டிட்டு நேரா அந்தக் கம்பெனியில போய்ச் சேர்ந்திருப்பேன்” என்றார் கத்தரியக்கா.

பன்னிரண்டு மணிக்கு அந்த நிறுவனத்திலிருந்து கத்தரியக்காவுக்கு அழைப்பு வந்தது. இப்போதைக்கு வருவதற்கில்லை என்றும், இங்கே ஒரு வெட்டு தவறிவிட்டது, அதைச் சரிசெய்ய வேண்டும் என்றும் சொல்லிப் போனை வைத்துவிட்டார். பிறகு சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு, போனுக்குள் எவ்வளவு அகலம் அடங்கும் என்று கேட்டார். அவள் கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்துக் காட்ட, தரையில் இரண்டு கோடுகள் விழுந்தன. கோடுகளுக்கு நடுவே மூவரை உட்காரவைத்து, இருவரைப் பின்னால் நிற்கவைத்தார். நிற்பவர்களில் ஒருவராகத் தாமும் சேர்ந்துகொண்டார். இன்னும் ஓர் ஆளுக்கு அங்கே தாராளமாக இடம் இருந்தது.

“நீ கோட்டுக்கு வெளிய நில்லுடா” என்றார் தம்பியைப் பார்த்து.

விளையாட்டு என்று நினைத்து அவர் சிரித்தார். அக்காள் சிரிக்காததைக் கண்டு, போய் வெளியே நின்றார். ஒரு கால் மட்டும் கோட்டை மிதித்தபடி இருந்தது.

“போன்ல நான் தெரியுறேனா?” என்று தம்பி அங்கிருந்தே கேட்டார்.

மனைவி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, தெரியுறேனா இல்லையா?”