விபத்தில்லா நாட்கள்

பட்டான்செருவில் ஒரு மருந்துக் கம்பெனி. 2016 மார்ச்சில் ஒரு பகல், தொழிலாளி ஸ்ரீனிவாஸின் கையில் அமிலம் கொட்டியது. கொப்புளம் எழும்பியதோ இரண்டு கிலோமீட்டர் தள்ளி, விடுமுறையில் வீட்டில் மீன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்த ஷிப்ட் இன்சார்ஜ் தமிழ்ச்செல்வனின் கையில். அவர் மனைவி ஆக்னஸ் பதறிப்போய்ச் சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றினாள். ஸ்ரீனிவாஸ் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு டீ குடிக்கப் போனான்.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. பொறுப்பேற்ற அன்று அந்தத் தூத்துக்குடிக்காரர், "உங்கள்ல ஒருத்தனுக்கு ஒண்ணுன்னா அது எனக்கு வந்த மாதிரி" என்று பன்னிரண்டு ஆட்களிடமும் சொல்லியிருந்தார். எல்லா அதிகாரிகளும் சொல்வதுதான். இந்த மனுஷன் மட்டும் மனசாரச் சொல்லித் தொலைத்தார்.

கம்பெனி வாசலில் விபத்தில்லா நாட்களை எண்ணும் பலகை ஒன்று உண்டு. ஆட்களுக்குக் காயமில்லை, இன்சார்ஜ் மேல் எதுவும் கொட்டவுமில்லை. ஆகவே அவருக்கு வந்திருப்பது தோல் வியாதி என்று கம்பெனி டாக்டர் எழுதினார். பலகையில் எண் ஏறிக்கொண்டே போனது. மூன்றாம் ரியாக்டரின் வால்வு ஒழுகுகிறது, மாற்றுங்கள் என்று தமிழ்ச்செல்வன் பதினேழு கடிதம் கொடுத்தார். "விபத்தே நடக்கலையேப்பா, வால்வு எதுக்கு? நக்கோ, வேண்டாம்" என்றார் மேனேஜர் வைத்தியநாதன், செகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக இருப்பவர். அடுத்த வருஷம் கையுறை வாங்குவதும் நின்றது. ஆட்களும் கேட்கவில்லை. சிறந்த தலைமைக்கான கேடயம் ஒன்று வந்தது, மேனேஜருக்கு.

ஒரு ராத்திரி ஆக்னஸ் அவருக்கு மருந்து தடவிக்கொண்டிருந்தாள். புண்ணில்லாத இடமே அவர் உடம்பில் இல்லை. "ஒரே ஒரு தடவை அவனுங்கள்ல ஒருத்தன் கை வேகட்டும். அப்பதான் மாத்துவாங்க. சொன்ன வார்த்தையத் திரும்ப வாங்கிக்கிடுங்க."

"யார் கைன்னு நீ சொல்லு, வாங்கிக்கிடுதேன்."

பன்னிரண்டு பேரையும் அவளுக்குத் தெரியும், அவர்கள் பிள்ளைகள் எந்த வகுப்பு என்பது உட்பட. வாயைத் திறந்தாள். ஒரு பெயரும் வரவில்லை. அந்த நிமிஷம் அவரை அவள் வெறுத்தாள்.

2021இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை வால்வு பிய்த்துக்கொண்டது. கொதிக்கும் ஆவிக்கு நடுவே நின்ற ஐந்து பேர் வாரிய தலை கலையாமல் வெளியே நடந்து வந்தார்கள். தமிழ்ச்செல்வன் சர்ச்சில், ஆக்னஸுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டபடியே வெந்து இறந்தார். மறுநாள் பலகையில் ஒன்று கூடியது. அதே வால்வை முறுக்கி மறுபடி மாட்டினார்கள்.

கேன்டீனில் அவர் படத்தை மாட்டி மாலை போட்டார்கள். படமான பிறகும் அவர் வேலையை விடவில்லை. கன்னத்தில் கொப்புளம் எழும்பும், நெற்றி கருகும், ஆறே மாதத்தில் முகம் இருக்காது. "மேடம், இன்னொரு போட்டோ கிடைக்குமா?" என்று ஆபீஸிலிருந்து ஷர்மிளா போன் செய்வாள். நகல் எடுத்துப் பார்த்தார்கள், நகல் எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. ஆக்னஸ் கொடுக்கும் அசல்தான் வேண்டியிருந்தது. இப்படியே ஆல்பம் காலியானது.

2024 ஏப்ரலில் மிச்சமிருந்தது கல்யாணப் படம் மட்டும். வாங்கிப்போக ஸ்ரீனிவாஸ் வந்தான்.

"வால்வு மாத்திட்டாங்களா?"

"லேது அக்கா." அவன் தன் கைகளையே பார்த்தான். பூப்போன்ற கைகள். "அக்கா, உங்க பக்கம் கட் பண்ணிட்டு குடுங்க, ப்ளீஸ்."

ஆக்னஸ் கத்தரிக்கோலை எடுத்துப் படத்தின் நடுவில் வைத்தாள். படத்தில் தமிழ்ச்செல்வன் புண் ஒன்றுமில்லாமல், மாலை கனத்தில் கழுத்தைச் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பாழாப்போன மனுஷன். இத்தனை வருஷம் தனியாகப் பட்டது போதாதா? கத்தரிக்கோலை மேஜையில் வைத்துவிட்டு, முழுப் படத்தையும் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பின்னக்கணக்கு போட்டுக்கொண்டிருந்தபோது அவள் மணிக்கட்டில் கொப்புளம் எழும்பியது. சாக்பீஸை இடது கைக்கு மாற்றிக் கணக்கை முடித்தாள். சாயங்காலம் டெய்லரிடம் போய், இனி எல்லா ஜாக்கெட்டுக்கும் முழுக்கை வைக்கச் சொன்னாள். கம்பெனிப் பலகையில் அன்றைக்கு 2,963.