அத்தான் கலந்து கொடுத்த கலவை

எங்கள் வகுப்புக்கு வேதியியல் டீச்சர் என் சொந்த அக்கா. பள்ளிக்கூட வாசலைத் தாண்டிவிட்டால் அவளை ‘மிஸ்’ என்றுதான் கூப்பிட வேண்டும். வீட்டில் என் தலையில் குட்டுகிறவளுக்கு அங்கே எழுந்து நின்று வணக்கம் வேறு. எல்லாம் என் தலையெழுத்து.

அக்காவுக்கு அது தற்காலிக வேலை. தலைமையாசிரியை ஒருநாள் வகுப்பில் வந்து உட்கார்ந்து, பார்த்துத் திருப்திப்பட்டால்தான் நிரந்தரம். அந்த நாளுக்கு அவள் எடுத்துக்கொண்ட பாடம், கலவைகளைப் பிரித்தல். மணல், உப்பு, இரும்புத் தூள் மூன்றும் கலந்த பொடியை எங்கள் கண்ணெதிரே தனித்தனியாகப் பிரித்துக் காட்டவேண்டும்.

"கலக்குற வேலையை என்கிட்ட விடு. அதுதானே என் பொழப்பு?" என்றார் அத்தான். அக்காவின் கணவர், பேக்கரியில் மாவு பிசைகிறவர். அவள் தும்மினால் போதும், கைக்குட்டையோடு வந்து நிற்பார். மணலை அலசி அலசிக் காயவைத்து, எல்லாவற்றையும் கலந்து புட்டியில் அடைத்து, கேக் பெட்டிக்குக் கட்டுவதுபோல ரிப்பன் வேறு கட்டிக் கொடுத்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

வகுப்பில் அக்கா காந்தத்தைக் காகிதத்தில் சுற்றிப் பொடியின் மேல் ஓட்டினாள். இரும்புத் தூள் மொத்தமும் ஒட்டிக்கொண்டு வந்தது. மிச்சத்தைத் தண்ணீரில் கலக்கி வடிதாளில் ஊற்றினாள். மணல் தாளிலேயே தங்கிவிட்டது. கடைசி பெஞ்சில் தலைமையாசிரியை தலையாட்டினார்.

"இப்போ இந்தத் தண்ணி வத்தினா கிண்ணத்துல வெள்ளையா உப்பு நிக்கும்" என்று சொல்லி, பீங்கான் கிண்ணத்தை விளக்கின் மேல் வைத்தாள்.

தண்ணீர் வற்றியது. வெள்ளையைத்தான் காணோம். பாகாக நுரைத்தது, பழுப்பானது, அப்புறம் வகுப்பு முழுக்க மிட்டாய் வாசனை. எனக்கு உடனே விளங்கிவிட்டது. மற்ற இரண்டையும் பார்த்துப் பார்த்துப் போட்ட மனிதரின் கை, வெள்ளைப் பொடி என்றதும் பேக்கரிப் பழக்கத்தில் சர்க்கரை டப்பாவுக்குப் போயிருக்கிறது!

அக்கா விளக்கை அணைத்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

"உப்புன்னு நான் சொன்னது தப்பு. முன்னாடியே சரிபார்த்திருக்கணும், பார்க்கல. சரி, இது உப்பு இல்லைன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

மளமளவென்று கைகள் எழுந்தன.

"உப்பு கருகாது மிஸ்!"

"வாசனை வராது மிஸ்!"

"ரெண்டுமே தண்ணில கரையும், அதான் வடிகட்டும்போது தெரியல மிஸ்!"

"இதைக் கலந்தது யாரு?" என்றார் தலைமையாசிரியை.

நான் ஒரு முந்திரிக்கொட்டை. வாயைத் திறந்தேன். அக்கா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

"பொறுப்பு என்னோடது மேடம்."

அவர் முன்னால் வந்து கிண்ணத்தை முகர்ந்து பார்த்தார். சிரிப்பை அடக்க முடியவில்லை அவருக்கு. "தப்பைச் சொல்லிட்டுப் பாடத்தை நடத்துறீங்க. நிரந்தரம் பண்ணச் சொல்லி எழுதிடறேன். அடுத்த தடவை உப்பைப் போடுங்க."

சாயங்காலம் அத்தான் வாசலிலேயே நின்றிருந்தார். வேலை என்ன ஆயிற்று என்று கேட்கத் தோன்றவில்லை அவருக்கு.

"கலவை நல்லா பிரிஞ்சுதா? உப்பு வெள்ளையா வந்துச்சா?"

அத்தனை பேர் முன்னால் தப்பை ஒப்புக்கொண்ட என் அக்கா, அவர் முகத்தைப் பார்த்தாள்.

"வெள்ளை வெளேர்னு வந்துச்சுங்க."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு, நிஜமா என்பதுபோல என் பக்கம் திரும்பினார்.

"பளபளன்னு மின்னிச்சு அத்தான்" என்றேன்.