ஐந்து முறைக்குக் குறைவான சொற்கள்

வக்ஃபு என்னும் அறக்கொடைச் சொத்து பற்றி உலகத்தில் யார் எதை எழுதினாலும் அது என் கணினிக்கு வந்து சேரும். அதுதான் என் பிழைப்பு. இருபது வருடக் கட்டுரைகளை வாரிப் போட்டு, அடிக்கடி வரும் சொல்லைப் பெரிய வட்டமாகவும் அரிதாக வருவதைச் சின்ன வட்டமாகவும் வரைந்து, ஆய்வு எந்தப் பக்கம் போகிறது என்று காட்ட வேண்டும். ஐந்து கட்டுரைக்குக் குறைவாக வரும் சொல்லைத் தூக்கிவிடுவோம். படம் பார்க்க லட்சணமாக இருக்க வேண்டுமே.

எங்கள் படத்தில் 'முதலீடு' தர்பூசணி அளவுக்கு இருந்தது. 'கட்டட மேம்பாடு' அதை ஒட்டியே. 'ஆதரவற்ற பெண்கள்' மூன்று கட்டுரையில்தான் வந்தது. போயிற்று.

இந்த ஆய்வை நடத்தும் எங்கள் பேராசிரியர் அந்தப் படத்தைக் கொண்டுபோய் வக்ஃபு நிர்வாகியான முத்தவல்லியிடம் காட்டியிருக்கிறார். ஆதரவில்லாத பெண்கள் குடியிருக்க என்று யாரோ ஒரு மகராசி அல்லாஹ்வின் பெயரால் எழுதிவைத்த எட்டு அறை வீட்டை நிர்வகிப்பவர் அவர். வெகுநாளாக அந்த மனைமேல் அவருக்கு ஒரு கண். அங்கே மூன்றாவது அறையில் என் மாமி இருக்கிறாள், வாப்பாவின் தங்கை. இடித்துவிட்டு வணிக வளாகம் கட்டப்போவதாகவும், ஆய்வே அதைத்தான் சொல்கிறது என்றும் அவளுக்கு நோட்டீஸ் வந்தது. நேரே பேராசிரியரிடம் போனேன்.

"சார், எதைப் பத்தி நிறைய எழுதியிருக்காங்கன்னுதானே படம் காட்டுது? அதைத்தான் செய்யணும்னு எங்க சொல்லுது?"

"நீ சொல்றது சரிதாம்மா. ஆனா அவர் என்ன முடிவெடுக்கிறார்ங்கிறது நம்ம வேலை இல்லையே."

வேலை இல்லையாம். அந்த வளாகம் பற்றி முத்தவல்லி கூட்டிய கூட்டத்துக்கு மட்டும் கோட்டு மாட்டிக்கொண்டு முதல் ஆளாகப் போனார்.

நானும் போனேன். வரம்பை ஐந்திலிருந்து ஒன்றுக்கு இறக்கி, வந்த சொல் அத்தனையையும் வைத்துப் புதுப் படம் வரைந்து எடுத்துப்போனேன். திரையில் போட்டதும் முத்தவல்லி கண்ணைச் சுருக்கினார்.

"என்னம்மா இது, சர்க்கரையில எறும்பு மொய்ச்ச மாதிரி இருக்கு?"

ஓரத்தில் இருந்த ஒரு புள்ளியைத் தொட்டுக் காட்டினேன். "இதுதான் அந்த வீட்டுப் பொம்பளைங்க. வீட்டை எழுதிவச்சதே இவங்களுக்குத்தான்."

அவர் பேராசிரியர் பக்கம் திரும்பினார். "எது சார் சரியான படம்?"

"ரெண்டும் சரிதான். ஆனா ஆய்விதழ்ல அச்சானது முதல் படம்" என்றார் அந்த மனுஷர், தண்ணீரைக் குடித்துக்கொண்டே.

வளாகம் வந்ததும் பெண்களுக்கு ஏதாவது செய்வோம் என்று சொல்லிக் கூட்டத்தை முடித்துவிட்டார்கள்.

அறையைக் காலி செய்துவிட்டு மாமி தகரப் பெட்டியோடு என் ஒற்றை அறைக்கு வந்தாள். மேசைக்கும் கட்டிலுக்கும் நடுவில் அவளுக்குப் பாய் விரித்தேன். இந்த ஐந்து கணக்கை அவளிடம் சொல்லி அழுதேன். அவள் அழவில்லை. அரிசியைக் களைந்து உலை வைத்தாள்.

அப்போதுதான் பேராசிரியர் போன் செய்தார். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஆதரவற்ற பெண்களைப் பத்தி மூணே கட்டுரைதாம்மா இருக்கு. ஆய்வுக்கு நல்ல இடைவெளி. உங்க மாமியை ஒரு பேட்டி எடுத்துடு. சூட்டோட சூடா ஆய்விதழுக்கு அனுப்பிட்டா நாலாவது நம்மளோடதா இருக்கும்."

மாமி அடுப்பைத் தணித்துவிட்டு போன் பக்கம் குனிந்தாள்.

"நாலு போதாதே தம்பி, அஞ்சு வேணும்ல. பக்கத்து அறைக்காரியையும் கேளுங்க. அவ பஸ் ஸ்டாண்டுலதான் படுத்திருக்கா."