ஐடெல்லா கொட்டிய ‘உம்’

அன்று ஜாக்சன் நகர மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் இருந்தவர்கள்: மூன்று நீதிபதிகள், அரசு வக்கீல், எங்கள் வக்கீல் காமில் டுப்ரே, என் தங்கை வெர்லீன், எங்கள் தேவாலயச் சபையைச் சேர்ந்த ஐடெல்லா புரூவர், நான். யாருக்காகக் கூடினோமோ அவன் மட்டும் இல்லை. வெர்லீனின் மகன் ஓட்டிஸ் சிறையில் இருந்தான். மேல்முறையீட்டுக்குக் கைதியை அழைத்துவர மாட்டார்கள்.

எங்கள் ஊரில் ஒரு தீவனக் கடை எரிந்தது. அந்தி மயங்கும் நேரத்தில் அங்கிருந்து ஒருவன் போனதை எதிர்வீட்டுக்காரர் பார்த்திருக்கிறார். முகம் தெரியவில்லை. “முதுகு வளையாத அந்த நடை ராண்டில் வீட்டு நடை” என்று சாட்சி சொன்னார். ராண்டில் எங்கள் குடும்பப் பெயர்; அது என் அப்பாவின் நடை. வெள்ளைக்காரர் எதிரே வந்தால் கறுப்பர் நடைபாதையை விட்டு இறங்கவேண்டும் என்றிருந்த காலத்திலும் அவர் அப்படித்தான் நடந்தார். அதை வைத்தே, கடைக்குத் தீ வைத்தான் என்று என் மருமகனுக்குப் பன்னிரண்டு வருடம் கொடுத்தார்கள்.

நீதிமன்றப் படியேறும்போது வெர்லீன் சொன்னாள்: “அண்ணே, இங்கயாவது கொஞ்சம் கூனி நட. உன் நடையாலதான் என் புள்ள உள்ள கெடக்கான்.”

“கூனி நடந்தா விட்டுருவாங்களா?”

“விடமாட்டாங்க. எனக்கு ஆறுதலா இருக்கும்.”

நான் நிமிர்ந்தே ஏறினேன்.

டுப்ரே அம்மாள் இரண்டு வாதங்கள் வைத்திருந்தார். சாட்சியம் போதாது என்பது முதலாவது. அதை ஏற்றால் ஓட்டிஸுக்கு முழு விடுதலை. மறுபடி அவனைக் கூண்டில் ஏற்ற முடியாது. குற்றவாளியா இல்லையா என்று முடிவுசெய்யும் பொதுமக்கள் குழுவான ஜூரியைத் தேர்ந்தெடுத்த விதம் தவறு என்பது இரண்டாவது. அதை ஏற்றால் மறுவிசாரணை மட்டும்தான்.

“எங்களுக்கு முதலாவதுதான் வேணும். எங்க பேரு சுத்தமாகணும்” என்றேன்.

“ரெண்டையும் கேப்போம் ஐயா. கெடைக்கிறத விடக்கூடாது.”

முதல் விசாரணையின் ஜூரித் தேர்வில் கறுப்பர் ஒருவர் விடாமல் அரசுத் தரப்பு நீக்கியிருந்தது. ஐடெல்லாவை நீக்கச் சொன்ன காரணம்: நீதிபதி பேசப் பேச அவர் ‘உம், உம்’ என்றாராம், அதனால் முன்பே முடிவெடுத்துவிட்டவராம். எங்கள் சபையில் உம் கொட்டாமல் உட்கார்ந்திருந்தால், போதகர் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு உடம்புக்கு என்ன என்று கேட்பார்.

டுப்ரே அம்மாள் இதை விளக்கிக்கொண்டிருந்தபோது, நடுவில் இருந்த வயதான நீதிபதி தலையசைத்து, “ம்ம்” என்றார்.

அம்மாள் நிறுத்தினார். “ஐயா எங்க பக்கம் முடிவு பண்ணிட்டீங்களா?”

“இல்லம்மா. கேட்டுக்கிட்டிருக்கேன்.”

“அந்தம்மாவும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாங்க, ஐயா.”

பக்கத்து நீதிபதி சிரிப்பை அடக்கக் குனிந்தார். அரசு வக்கீல் காகிதங்களைப் புரட்டினார். வெளியே வந்ததும் ஐடெல்லா என்னிடம், “நான் இன்னைக்கு வாயே தொறக்கல தம்பி. கைக்குட்டையக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்” என்றார்.

தீர்ப்பு வசந்தத்தில் வந்தது. நடையை அடையாளமாக நம்புவதும் நம்பாததும் ஜூரியின் விருப்பம், ஆகவே சாட்சியம் போதும் என்றார்கள். அந்த வரியை நான் இரண்டாம் முறை படிக்கவில்லை. ஜூரித் தேர்வு செல்லாது, மறுவிசாரணை நடக்கட்டும் என்றார்கள்.

ஓட்டிஸ் ஜாமீனில் வந்தான். வெர்லீன் காலையிலிருந்தே கோழி பொரித்துக்கொண்டிருந்தாள். காரிலிருந்து இறங்கியவன் தோள்கள் தொங்க, தரையைப் பார்த்தபடி வந்தான். எங்கள் வீட்டில் யாரும் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

வெர்லீன் மாவுக் கையோடு வாசலுக்கு வந்தாள். “நிமிந்து வாடா” என்றாள். “உன் மாமன் மாதிரி வா.”

அவன் வாசலுக்கு வந்து சேர்வதற்குள் முக்கால்வாசி நிமிர்ந்திருந்தான்.

ஓட்டிஸுக்கு விடுதலை கிடைத்துவிட்டது என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள், நல்ல மனதோடுதான். விடுதலை கிடைக்கவில்லை. அக்டோபரில் புதிய ஜூரியின் முன் நிற்கப் போகிறான்.