மூச்சுப் பிடிக்கிறவன்

ஏசுவடியானுக்குத் தணிகாசலத்தைக் கண்டாலே ஆகாது. தணிகாசலத்துக்கும் அப்படித்தான். ஒரகடத்து வார்ப்பாலை ஒன்றில் முன்னவன் கிரைண்டிங் தொழிலாளி, பின்னவர் அதே செக்‌ஷனுக்குச் சூப்பர்வைசர். தினமும் எட்டு மணி நேரம் ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்தாக வேண்டிய தலையெழுத்து.

அச்சு மண் ஒட்டிய இரும்பைத் தேய்த்துத் தேய்த்து இரண்டே வருடத்தில் ஏசுவடியானுக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது. வாடகை அறைக்கு மாடியேறினால் பாதிப் படியில் உட்கார வேண்டியிருந்தது. தூசியில்லாத பேக்கிங்குக்கு மாற்றச் சொல்லித் தணிகாசலத்திடம் நாலு தடவை கேட்டான். நாலு தடவையும் ஒரே பதில்தான்.

"கபடி ஆடுறப்ப மட்டும் மூச்சு எங்கேர்ந்துடா வருது?"

போன ஞாயிற்றுக்கிழமை குன்றத்தூரில் ஆடியது உண்மைதான். ஒரே ஒரு தடவை பாடிப் போய்விட்டு வந்து உட்கார்ந்தவன் அப்புறம் எழுந்திருக்கவில்லை. கோள் சொன்னவன் முதல் பாதியை மட்டும் சொல்லியிருந்தான்.

செவ்வாய்க்கிழமைகளில் வரும் கம்பெனி டாக்டர் சுபஸ்ரீ அன்றைக்கு அவனுக்கு நுரையீரல் டெஸ்ட் வைத்தார். டெஸ்டில் கோளாறு தெரிந்து, அந்தத் தாளில் சூப்பர்வைசரும் கையெழுத்துப் போட்டால் மாற்றல் கிடைக்கும். தணிகாசலம் லைனை விட்டுவிட்டு வந்து வாசலில் நின்றார்.

ஏசுவடியான் குழாயை வாயில் வைத்தான். ஊதச் சொன்னார்கள். பத்து வயதிலிருந்து கபடி பாடியவன் மூச்சை எப்படி விடுவான்? சொட்டுச் சொட்டாகத்தான் விடுவான். எதிராளி கட்டத்துக்குள் மொத்தமாக விட்டவன் திரும்பி வரமாட்டான். மிஷின் காட்டிய எண் படு மோசமாக இருந்தது.

"டபாய்க்கிறான் மேடம். பாடிப் போறவன், மூச்ச கட்டிக் கட்டி வுடுறான்."

கெட்ட வாயிலும் சில நேரம் உண்மை வந்து தொலைக்கிறது.

"முதல் செகண்ட்லயே மொத்தத்தையும் வெளிய தள்ளணும்பா. சேத்து வைக்காத" என்றார் டாக்டர்.

மறுபடி ஊதினான். கண் பிதுங்க ஊதினான். எண்பத்தைந்து சதவீதம் வந்தது.

"உன் வயசுக்கும் உயரத்துக்கும் எண்பதுக்கு மேல இருந்தா நார்மல்."

"ரெண்டு வருசத்துக்கு முன்னால எனக்கு நூறுக்கு மேலயே இருந்திருக்கும் மேடம். கொறஞ்சத இந்த மிஷினு எப்படிக் கண்டுபுடிக்கும்?"

டாக்டர் சற்று யோசித்தார். பையிலிருந்து ஒரு சிறு கிளிப்பை எடுத்து அவன் விரலில் மாட்டினார். தொண்ணூற்றேழு காட்டியது.

"ரத்தத்துல ஆக்சிஜன் எவ்ளோன்னு இது சொல்லும். உக்காந்திருந்தா எல்லாம் ஒழுங்காத்தான் தெரியும். நுரையீரல் கெட்டிருந்தா வேலை குடுக்கும்போதுதான் குட்டு உடையும். நாலு தடவை மாடிப்படி ஏறி இறங்கு. தொண்ணூறுக்குக் கீழ போனா நான் எழுதிடுறேன்."

"மூச்ச புடிச்சிக்கினு ஏறி நம்பர எறக்கிடுவான் மேடம். நானும் கூடப் போறேன்" என்றார் தணிகாசலம். "டேய், கபடி கபடின்னு சொல்லிக்கினே ஏறு. மூச்சு வாங்குறியான்னு எனுக்குத் தெரியணும்."

"மூச்சு வாங்கலன்னு காட்டத்தான் சார் கபடி பாடுதது. கோட்டி புடிச்சிருக்கா ஒமக்கு?"

ஏறினார்கள். ஏசுவடியான் வேண்டுமென்றே வாயைப் பிளந்து, அவர் காதருகில் சத்தமாக மூச்சு விட்டான். முதல் இரண்டு தடவையும் தணிகாசலம் வசவை நிறுத்தவில்லை. மூன்றாவது தடவை அது தானாக நின்றது. வாய் ஓய்ந்ததில் ஏசுவடியானுக்கு அப்படி ஒரு சந்தோஷம். நான்காவது தடவை பாதிப் படியில் உட்காரப் பார்த்தான். வெறுப்பு ஒன்றுதான் அவனைத் தூக்கி நிறுத்தியது.

கிளிப் எண்பத்து நான்கு காட்டியது. இனி பேக்கிங்தான் என்று அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"மிஷின் ரிப்பேர் மேடம். எனுக்குப் போடுங்க, இதே கதயத்தான் சொல்லும்" என்று விரலை நீட்டினார் தணிகாசலம்.

போட்டார்கள். எழுபத்தொன்பது.

"பாத்தீங்களா?"

டாக்டர் கிளிப்பைத் தன் விரலில் மாட்டிக்கொண்டார். தொண்ணூற்றெட்டு.

"நீங்க கிரைண்டிங்ல எத்தன வருஷம் இருந்தீங்க?"

தணிகாசலம் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "அம்பத்தூர்ல... பதினொண்ணு."

"இவனோடது நிஜம்னா உங்களோடதும் நிஜம். ரெண்டு பேரும் இனிமே தூசிக்குள்ள போகக்கூடாது. கையெழுத்துப் போடுறீங்களா?"

பேக்கிங்கில் ஏற்கெனவே ஒரு சூப்பர்வைசர் இருந்தார். கிரைண்டிங்கை விட்டால் தணிகாசலத்துக்கு நாற்காலி கிடையாது. அதைவிட, ஏசுவடியான் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

"மிஷின் ரிப்பேர்... மேடம். ரெண்டு பேருக்கும்... நார்மல்னு... போடுங்க."

அதைச் சொல்லி முடிக்க அவருக்கு மூன்று மூச்சு பிடித்தது. டாக்டர் இரண்டு தடவை எடுத்துச் சொன்னார். அவர் மசியவில்லை. எதிராளிக்குச் சகுனத்தடையாக வேண்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொள்கிறவனைப் பற்றி ஏசுவடியான் கேள்விப்பட்டிருக்கிறான். நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அவர்மேல் அவனுக்கு ஒரு துளி இரக்கமும் வரவில்லை.

ஊதும் டெஸ்டுக்கு டாக்டர் முதலிலேயே நார்மல் என்று எழுதியிருந்த தாளையும் பேனாவையும் அவனே எடுத்து அவர் முன்னால் வைத்தான்.

"போடும்வே. எனக்கு முன்னால நீருதான் போவீரு."

தணிகாசலம் கையெழுத்துப் போட்டார்.