இரண்டு வாய்க் கவிதை

தையல்காரர் கவிஞரான கதையை யாரும் நம்பமாட்டார்கள். நம்ப வேண்டிய கட்டாயமும் இல்லை. முன்னறையில் அவருடைய மெஷின். பின்னால் சமையலறை. அங்கே அவருடைய அம்மாவும் மனைவியும். ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்காத இரண்டு கூட்டங்களில் பிறந்தவர்கள். அம்மா கூட்டத்தார் உரக்கத் திட்டுவார்கள். வாயைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவரில் சுண்ணாம்பு உதிரும். மனைவி கூட்டத்தார் மரியாதையாகத் திட்டுவார்கள். வாங்கிக்கொண்டவனுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் காய்ச்சல் வரும்.

"உன் நாக்குல பூரான் குடித்தனம் வைக்க!" என்பாள் அம்மா.

"வைக்கட்டும் அத்தை. உங்க வாயைக் காலி பண்ணிட்டு அது வேற எங்கதான் போகும், பாவம்" என்பாள் மனைவி.

தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு, கையில் கிடைத்த துணியில் சாக்கட்டியால் எழுதிக்கொள்வார். மேல்வரி அம்மா, கீழ்வரி மனைவி. கவிதை அவ்வளவுதான். சொந்தமாக ஒரு கமாகூட அவர் போட்டதில்லை. அவசரத்தில் சில கவிதைகள் ஒரு வங்கி மேனேஜரின் கோட்டுக்கு உள்துணியாகப் போய்விட்டன; அந்த மனிதருக்கு இன்றுவரை முதுகு அரிக்கிறது. மீதியெல்லாம் இரண்டு புத்தகமாக வந்தன. 'இரு மரபுகளின் மோதல்' என்று விமர்சகர்கள் மெய்சிலிர்த்தார்கள்.

அப்புறம்தான் கஷ்டகாலம் பிடித்தது. அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். மருமகள்தான் தூக்கினாள், துடைத்துவிட்டாள், ஊட்டிவிட்டாள். கிழவி எழுந்து நடமாடியபோது இருவரும் ஒட்டிக்கொண்டுவிட்டார்கள். சமையலறையிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. தையல்காரர் வேறு வழியில்லாமல் அதையும் எழுதிப் பார்த்தார்.

மூன்றாவது புத்தகத்துக்காகக் காத்திருந்த பதிப்பாளர் புதுக் கவிதைகளைப் படித்துவிட்டு முகம் சுளித்தார். "என்னங்க இது, பல்பொடி விளம்பரம் மாதிரி இருக்கு? வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

"சௌக்கியந்தான்."

"அதான் பாத்தேன். இந்த மாசத்துக்குள்ள பழைய மாதிரி குடுங்க. இல்லேன்னா நான் வேற கவிஞரைப் பாத்துக்கறேன்."

மனைவியிடம் ஒரு சால்வை இருந்தது. செத்துப்போன அவள் அம்மா தன் கூட்டத்துக் கரை போட்டுக் கையால் நெய்தது. பிறந்த வீட்டிலிருந்து அவளுக்கு வந்தது அது ஒன்றுதான். கல்யாணத்துக்குப் பிறகு அந்த வீட்டுக் கதவு அவளுக்குத் திறக்கவில்லை. ஒரு மத்தியானம் அவள் கடைக்குப் போயிருந்தாள், அம்மா கண்ணயர்ந்திருந்தாள். தையல்காரர் சால்வையை மேஜையில் விரித்து இரண்டாக வெட்டினார். துண்டுகளை அம்மாவின் கட்டிலுக்கு அடியில் செருகிவிட்டு வந்து, நிம்மதியாகப் பட்டன் தைத்தார்.

சாயங்காலம் வீடு பெருக்கும்போது மனைவி கண்டுவிட்டாள். பிறந்ததிலிருந்து முதல்முறையாக மரியாதை இல்லாமல் வாயைத் திறந்தாள்.

"எங்கம்மாவ ரெண்டாந்தடவ கொன்னுட்டியேடி, கிழவி! நீ சாகும்போது பக்கத்துல ஒரு குரல்கூட கேக்காம சாவ!"

ஜன்னலில் உட்கார்ந்திருந்த பூனை அன்றோடு தெரு மாறிப் போய்விட்டது. முன்னறையில் தையல்காரர் பரபரவென்று எழுதினார். கீழ்வரி பிரமாதமாக வந்துவிட்டது. மேல்வரிக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

அம்மா துண்டுகளை வாங்கி, வெட்டிய விளிம்பில் விரலை ஓட்டினாள். அவளுக்கு ஒரு கண்ணில் புரை. கத்தரிக்காயைக்கூடக் கோணலாகத்தான் நறுக்குவாள். இதுவோ நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. முன்னறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"ஆமாண்டி" என்றாள். "நான்தான் வெட்டினேன்."

பக்கத்து ஊரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போவதாகச் சொல்லி, பையில் இரண்டு புடவையைத் திணித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தாள். மனைவி தடுக்கவில்லை. மெஷின் பக்கத்தில் வந்ததும் அம்மா நின்றாள். குரலை உயர்த்தாமல் மகனைக் கேட்டாள்:

"போதுமாடா?"

தையல்காரருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இத்தனை வருஷச் சண்டையில் விழாத வரி. அவசரமாக எழுதப் போனார். அழுத்தியதில் சாக்கட்டி துண்டு துண்டாக உடைந்து மெஷினுக்கு அடியில் ஓடியது. குனிந்து தேடிக்கொண்டே கெஞ்சினார்:

"இரும்மா, இரு. இன்னொரு தடவை சொல்லு. அதே மாதிரி, அதே குரல்ல."

அம்மா அதற்குள் படியிறங்கியிருந்தாள்.